நூருன்னிசாவின் ஐந்து துள்ளல்கள்

என் மனைவி நூருன்னிசா பஸ் ஓட்டுகிறாள். பதின்மூன்று வருடமாகச் செங்காங் பஸ் இன்டர்சேஞ்சிலிருந்து. வயது நாற்பத்தெட்டு. உயரம் ஐந்தடிக்கு மேல் ஒரு விரல்கடை. மாடி பஸ்ஸில் அவள் உட்கார்ந்திருந்தால் வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குத் தலைத்துணி மட்டும்தான் தெரியும், பஸ் தானாகவே ஓடி வருகிறது என்று சக ஓட்டுநர்கள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

இந்த வேலைக்கு அவள் வந்ததே முப்பத்தைந்து வயதில். லைசன்ஸ் பரீட்சையில் மூன்று தடவை தோற்றாள். மூன்றாவது தடவை தோற்று வந்த அன்று, "அந்த ரிவர்ஸ்ல மட்டும்தான் மச்சான் கோட்டை விட்டேன், மத்ததெல்லாம் சூப்பர்" என்று என்னிடம் சொல்லிவிட்டு மீன் ஆய உட்கார்ந்துவிட்டாள். நான்காவது தடவை ஜெயித்தாள். அப்படிப்பட்ட மனுஷி.

அவள் கைக்கு யோயோ வந்த கதை இதுதான். போன வருடம் பிப்ரவரியில் ஒரு நாள், கடைசி நிறுத்தத்தில் ஆட்கள் இறங்கியதும், பஸ்ஸைச் சுற்றிப் பார்க்க மாடிக்குப் போயிருக்கிறாள். முன் இருக்கையில் ஊதா நிறத்தில், கயிறு சுற்றிய சக்கரம் போல, ஒரு அலுமினிய யோயோ கிடந்தது. ஆபீஸில் ஒப்படைத்தாள். மறுநாளே உரியவர் வந்துவிட்டார். பெயர் ஸ்ரீராம், முப்பது வயதிருக்கும், ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை. கண்டெடுத்தவரைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்று கேன்டீன் வரைக்கும் தேடி வந்திருக்கிறார்.

"ரொம்ப தேங்க்ஸ்க்கா. இது போயிருந்தா நான் அழுதிருப்பேன் லா."

"இதுக்கா தம்பி? விளையாட்டுச் சாமான்தானே?"

ஸ்ரீராம் யோயோவின் கயிற்றை விரலில் மாட்டினார். யோயோவைச் சுழற்றி விட்டு, இரண்டு கைகளுக்கும் நடுவே பிடித்த கயிற்றின் மேல் உட்கார வைத்தார். பிறகு கைகளைச் சற்றே விரித்தார். யோயோ எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி மேலே துள்ளியது. துள்ளியது திரும்பி அதே கயிற்றில் வந்து உட்கார்ந்தது. மறுபடி துள்ளியது. எட்டுத் தடவை. நூருன்னிசா தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னொரு தடவ செய்ங்க."

அன்று சாயங்காலம் டன்லப் ஸ்ட்ரீட்டில் உள்ள என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்து நின்றாள். கையில் ஒரு யோயோ. பாலிடெக்னிக்கில் படிக்கும் எங்கள் மகள் ஹனீனுக்குத்தான் வாங்கியிருக்கிறாள் என்று நினைத்தேன். தனக்காம். ஹனீனுக்கு விஷயம் தெரிந்தபோது, "உம்மா, ரொம்ப க்ரிஞ்ச் லா, பாக்கவே கூசுது" என்றாள். உம்மா காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

யோயோவைச் சாயாமல் நேராக வீசுவதற்கே ஒரு மாதம் பிடித்தது. கயிற்றின் மேல் இறக்கி உட்கார வைக்க இன்னும் இரண்டு மாதம். அதற்குள் தாடையில் இரண்டு முறை அடி பட்டது, ஹால் விளக்கு ஒன்று போனது. வலது நடுவிரலில், கயிறு மாட்டும் இடத்தில், மோதிரம் போட்டது போல ஒரு தழும்பு விழுந்தது. காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்து, குளித்து, பிற்பகல் அசர் தொழுகையை முடித்துவிட்டு, அரை மணி நேரம். ஒரு நாளும் விட்டதில்லை.

முதல் துள்ளல் வந்த அன்று கடைக்குப் போன் செய்தாள். நான் ஒருவருக்குக் கண் பரிசோதனை செய்துகொண்டிருந்தேன். "உக்காந்துடுச்சு மச்சான்! உக்காந்துடுச்சு!" என்ற சத்தம் அவருக்கும் கேட்டது. என்னவென்று விசாரித்தார். விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

அதற்குப் பிறகு முன்னேற்றம் நின்றுபோனது. முதல் துள்ளல் அழகாக வரும். இரண்டாவது கொஞ்சம் கோணும். மூன்றாவதில் யோயோவின் விளிம்பு கயிற்றில் பட்டு, அது சரிந்து தொங்கிவிடும். நான்கு மாதம் இப்படியே. கேன்டீனில் மற்ற ஓட்டுநர்கள் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் எண்ணுவார்களாம், யாருக்கும் மூன்றைத் தாண்டி எண்ண வேலை வராதாம். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் அக்டோபரில் ஒரு நாள் யோயோவைத் துடைத்து மேசை டிராயரில் வைத்து மூடினாள்.

"இது என் கைக்கு வராது மச்சான். ஸ்டியரிங் பிடிச்சு மரத்துப்போன கை."

லைசன்ஸ் மூன்று தடவை கைவிட்டபோதுகூட அவள் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்ததில்லை. அதுவரை நான் இந்த யோயோவைப் பெரிதாக எடுத்துக்கொண்டதும் இல்லை. வீடியோ எடுக்கச் சொன்னால், சோபாவில் சாய்ந்தபடியே பக்கவாட்டில் எடுத்துக் கொடுத்துவிட்டு என் செய்தியைப் பார்க்கப் போய்விடுவேன்.

மறுநாள் நானே டிராயரைத் திறந்தேன். "ஒரே ஒரு தடவ செய்யேன். நான் எடுக்கறேன்."

"எதுக்கு?"

"சும்மா."

இந்த முறை எழுந்துபோய் அவளுக்கு நேர் எதிரில் நின்றேன். என் தொழிலில் பழக்கம் அப்படித்தான். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் ஒரு காது மற்றதைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும், பிரேம் ஒரு மில்லிமீட்டர் சாயும், அதைக் கண்டுபிடிக்க நேராகத்தான் பார்க்க வேண்டும். எடுத்ததை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். கைகளை விரிக்கும்போது அவளுடைய வலது கை நேராகப் பக்கவாட்டில் போனது. இடது கை முன்னால் தள்ளிக்கொண்டு போனது. அதனால் கயிறு குறுக்காகத் திரும்பிவிட்டது. கீழே இறங்கி வரும் யோயோவின் இடுக்குக்கும் கயிற்றுக்கும் எப்படிப் பொருந்தும்?

"உன் இடது கை முன்னால போகுது."

"போகல."

"பாரு."

பார்த்தாள். ஐந்து தடவை திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். பிறகு காற்றில் ஸ்டியரிங் பிடிப்பதுபோல் கைகளை வைத்து ஒரு வளைவில் திருப்பிக் காட்டினாள். "ஒரு கை இழுக்கும், ஒரு கை தள்ளும். பதின்மூணு வருஷமா இதேதான செய்யுது!" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் என்னைப் பார்த்தாள்.

"கல்யாணம் ஆகி இருபத்திமூணு வருஷம். இவ்வளவு நேரம் நீங்க என் கையப் பாத்ததே இல்ல மச்சான்."

"ஊர்ல இருக்கிறவங்க மூக்கைத்தானே பாத்துட்டு இருக்கேன்" என்று முனகினேன்.

ஸ்ரீராமைக் கூப்பிட்டுச் சொன்னபோது, "கரெக்ட்க்கா. அப்புறம் மேல தூக்காதீங்க, விரிச்சாலே எழும்பும். இறங்கும்போது இடது விரல் யோயோவையே காட்டணும்" என்றார். இடது கை முன்னால் போகாமல் தடுக்கும் வழியை மட்டும் அவளே கண்டுபிடித்தாள். படுக்கையறை அலமாரிக் கதவை ஒட்டி, ஒரு சாண் இடைவெளி விட்டு, அதைப் பார்த்தபடி நின்று பழகினாள். கை தப்பித் தள்ளினால் விரல் முட்டி கதவில் இடிக்கும், டொக். ஹாலில் இருந்தபடியே எனக்கும் ஹனீனுக்கும் பயிற்சி எப்படிப் போகிறது என்று தெரிந்துவிடும். முதல் வாரம் கதவைத் தட்டுகிற சத்தமாகவே இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு நாள் வெகுநேரம் சத்தமே வரவில்லை. ஹனீன் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள். "உம்மா தூங்கிட்டாங்களா?" உள்ளேயிருந்து பதில் வந்தது: "ஆறு! யாரும் பேசாதீங்க!"

இந்த ஜனவரியில் பாசிர் ரிஸ்ஸில் ஒரு சமூக மன்றத்தில் யோயோக்காரர்கள் கூடினார்கள். ஸ்ரீராம் அழைத்திருந்தார். பன்னிரண்டு ட்ரிக்குகள், எளியதிலிருந்து கடினமானதுவரை வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் தவறினால் வெளியே. பத்தொன்பது பேரில் நூருன்னிசாதான் மூத்தவள். ஷிப்ட் முடிந்து நேராக வந்ததால் சீருடையில் இருந்தாள். ஐந்து ட்ரிக்குகளைத் தாண்டிவிட்டாள். ஆறாவதுதான் துள்ளல், விடாமல் ஐந்து.

முதல் வாய்ப்பில் மூன்றாவது துள்ளல் தப்பி, யோயோ நேராக அவள் போட்டிருந்த மூக்குக்கண்ணாடியில் வந்து இடித்தது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. நல்லவேளை, லென்ஸில் கீறல்கூட இல்லை. அவள் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"இல்லாம தெரியுமா?" என்றேன். அவளுக்குத் தூரத்தில் இருப்பதுதான் மங்கல், கை எட்டும் தூரம் தெளிவாகத் தெரியும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தவனே நான்தான். இருந்தும் கேட்டேன்.

"எதிர்ல இருக்கிறவங்க தெரிய மாட்டாங்க. அது நல்லதுதானே."

வீசினாள். ஏற்றினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் லேசாகக் கோணியது, இடது விரல் அதன் பின்னாலேயே போய்ப் பிடித்தது. நான்கு. ஐந்து. நிறுத்த மறந்து ஆறு, ஏழு என்று போய்க்கொண்டே இருந்தாள். நடுவர், "போதும்க்கா, பாஸாயிட்டீங்க" என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. க்ரிஞ்ச் என்று சொன்ன மகள்தான் அந்த மண்டபத்திலேயே பெரிதாகக் கத்தினாள்.

ஏழாவது ட்ரிக்கில் இரண்டு வாய்ப்பும் போனது. இரண்டாவதில் கயிறு கட்டைவிரலைச் சுற்றி முடிச்சு விழுந்து, அவிழ்க்க ஸ்ரீராம் வர வேண்டியதாயிற்று. பத்தொன்பது பேரில் பன்னிரண்டாவது இடம். அதை அவள் போன் செய்து தெரிவிக்காத உறவினர் பாக்கியில்லை.

வீடு திரும்பும்போது மாடி பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்தோம். இரண்டு நிறுத்தம் வரைக்கும் ஓட்டுநரின் பிரேக்கைப் பற்றிக் குறை சொன்னாள். பிறகு என் போனை வாங்கி, ஏழாவது ட்ரிக்கை எடுத்த வீடியோவை மெதுவாக ஓடவிட்டாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"மச்சான், இந்தக் கட்டைவிரல் இங்க என்ன பண்ணுது?"

நான் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து பார்த்தேன்.