அரை நிமிடம் முந்திய அக்கா

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் அக்காவின் முதலாண்டு நினைவு மலரான இந்தக் கல்வெட்டை வாசிக்கும் உறவுகளில் யாராவது சாப்பாட்டு மேசையில் சொல்லிவிடுவீர்கள். அக்காவின் பெட்டிக்குள் பிழையான பந்தை வைத்தவன் நான்தான்.

அவுஸ்திரேலியக் கால்பந்தாட்டத்தில் உயிரையே வைத்திருந்தவர் அக்கா. அந்த ஆட்டத்தின் பந்து ஒன்று அவருடன் போக வேண்டும் என்று நினைத்தேன். ஒஸ்லோவில் விளையாட்டுச் சாமான் விற்கும் கடையொன்றில் நீள்வட்டமாக ஒன்று தொங்கியது. இதுதானா என்று கேட்டேன். விற்றவர் ஓம் என்று தலையாட்டினார். அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எரியூட்டப் போகும் பெட்டிக்குள் காற்றடைத்த பந்தை வைக்க முடியாது என்று இறுதிச் சடங்குப் பணிப்பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னார். ஊசியைக் குத்தினேன். அந்த அமைதியான அறையில் பந்து நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. நான் திடுக்கிட்டுப் போய் முதலில் அக்காவின் முகத்தைத்தான் பார்த்தேன்.

மெல்பேர்ணில் இருந்து நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த, அக்காவின் கணவரான அத்தானின் சகோதரி மகன் அன்று பின்னேரம் தொலைபேசியில் கூப்பிட்டார். அழுது முடித்தபின் மெதுவாகக் கேட்டார்: “மாமா, நீங்கள் வைச்சது அமெரிக்கன் பந்தெல்லோ? ரெண்டு முனையும் கூரா இருந்துதே.” அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அக்கா அளவெட்டியில் எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் கடைக்குட்டி. இடையில் இருந்த இருவரையும் போர் எடுத்துக்கொண்டது. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. பகிடி விட்டுச் சிரிக்க வைக்கிறவர்களுக்கு அது கொஞ்சம் பிந்தித்தான் வரும். பாடசாலை வலைப்பந்தாட்ட அணியில் அக்காதான் உயரம். பந்தைப் பிடிக்க எழும்பினால் கீழே வர மறந்துவிடுவார் என்று ஆசிரியை சொல்வாராம். அந்த உயரத்தைச் சாட்டி இரண்டு சம்பந்தங்கள் குழம்பின. மூன்றாவதற்குக் காத்திராமல் அக்கா நோர்வேக்கு வந்துவிட்டார். வடக்கே கடலோரத்தில், விரல் மரத்துப்போகும் குளிரில், மீன் தொழிற்சாலையில் நின்றார். என்னையும் அவரே இங்கு எடுப்பித்தார். அக்காவிடம் நோர்வேஜிய மொழி படித்ததால் நான் முதலில் கற்ற சொற்களெல்லாம் மீனின் பாகங்கள். அவற்றை வைத்துக்கொண்டு ஒஸ்லோவில் வேலை தேடியவனும் நான்தான்.

பிறகு மெல்பேர்ணில் இருந்து அத்தானின் சம்பந்தம் வந்தது, அக்கா அங்கே போனார். அத்தான் அக்காவின் தோளுக்குத்தான் வருவார். அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பிள்ளைகள் கிடைக்கவில்லை என்ற கவலை இருந்தது. அதையும் அக்கா வெளியே காட்டவில்லை.

அங்கே பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தார். கால்பந்தாட்டக் கழக மைதானத்தில் அவருக்கும் கணவருக்குமாக அருகருகே இரண்டு இருக்கைகள் நெடுங்காலமாக இருந்தன. கணவர் இறந்தபின் வெறும் இருக்கைக்குப் பக்கத்தில் இருக்க மனம் வராமல் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த அம்மா ஆட்டம் முழுவதும் கதைப்பாராம். ஆனால் அக்காவுடன் அல்ல. நீ சொன்ன மாதிரியே பந்தை விட்டுவிட்டான் பார்த்தாயா என்று பக்கத்து இருக்கையைப் பார்த்துத் தன் கணவருக்குச் சொல்வாராம். அந்த இருக்கையில் அக்கா இருப்பார்.

பயமாக இருக்கவில்லையா என்று கேட்டேன்.

“முதல் வருசம் இருந்தது,” என்றார் அக்கா. “ரெண்டாம் வருசம் நானும் மறுமொழி சொல்லத் தொடங்கிட்டன்.”

இப்படி, இறந்த மனிதர் ஒருவரின் இருக்கையில் இருந்து அந்த ஆட்டத்தைக் கற்றவர் அக்கா. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். மைதானத்தின் இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்குள்ளால் உதைத்தால் ஆறு புள்ளி, ஓரத்தால் போனால் ஒன்று. உதைத்து வரும் பந்தை நிலத்தில் விழ விடாமல் பிடித்தவர் நின்று நிதானமாக உதைக்கலாம். சைரன் ஊத முன் பிடித்துவிட்டால், ஊதிய பிறகும் அந்த உதை அவருடையது. இந்தக் கடைசி விதி அக்காவுக்கு மிகவும் பிடிக்கும். நான் முதன்முதல் பார்த்தபோது ஒரு புள்ளிக்கு எழுந்து நின்று கைதட்டினேன். அக்கா என்னை இருக்கச் சொன்னார்.

அந்த ஆட்டத்தின் மாபெரும் வீரர்களைப் பற்றி அக்கா கதைக்கத் தொடங்கினால் அடுப்பில் இருப்பது கருகும். அவர்களுக்கு அக்கா தானே பெயர் வைத்திருந்தார். எங்கள் வீட்டில் அந்தப் பெயர்கள்தான் வழக்கு. ஏணி என்பவர் இரண்டு பேரின் தோளில் முழங்காலை ஊன்றி வானத்தில் இருந்து பந்தை எடுத்தவர். கணக்கர் கோல் அடிப்பவர். உதைக்க முன் புல்லைப் பிடுங்கிக் காற்றில் விட்டு, அது விழுமட்டும் பார்த்துக்கொண்டு நிற்பார். குட்டியன் பெரியவர்களின் கால்களுக்கிடையில் இருந்து பந்துடன் வெளியே வருவார். உள்ளே போனதை ஒருவரும் கண்டிருக்க மாட்டார்கள். தம்பி என்று அக்கா அழைத்தவர் அந்த மண்ணின் ஆதிக்குடிகளில் பிறந்தவர். கூட்டம் அவரின் தோல் நிறத்தைச் சொல்லிக் கத்திய ஒருநாள், அக்கா முதன்முறையாக அந்த இருக்கையில் இருந்து எழுந்து நின்றாராம். தமிழில் ஏசினாராம். தம்பி அன்று ஆடியதுபோல் ஒருவரும் ஆடியதில்லை என்பார்.

இவர்களில் ஏணி ஆடிய காலத்தில் அக்கா நோர்வேயில் இருந்தார். ஆனால் முழங்காலளவு சேற்றையும், நனைந்து கனத்த பந்து நெஞ்சில் விழும் சத்தத்தையும் கண்டதுபோல் சொல்வார். அக்காவின் புளுகைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, அப்போது நீங்கள் வடக்கில் மீன் வெட்டிக்கொண்டெல்லவா இருந்தீர்கள் என்று கேட்டேன்.

“நான் அப்ப அந்த இருக்கையிலை இல்லையெண்டு ஆர் சொன்னது?” என்றார். சிரிக்கவில்லை.

எல்லாக் காலத்துக்குமாக ஓர் அணியை அக்கா மனதுக்குள் வைத்திருந்தார். ஓய்வில்லாமல் ஆட்களை மாற்றுவார். ஆனால் எத்தனை முறை சொன்னாலும் பதினேழு பேர்தான் வரும். ஓர் இடம் எப்போதும் வெறுமை. அது ஓர் ஆளுக்கு வைத்திருக்கிறது என்பார். பெரிய ஆட்டக்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று என் மகள் கேட்டபோது, பந்து வர முதல் அந்த இடத்தில் நிற்கிறவன்தான் பெரிய ஆட்டக்காரன், மற்றவர்கள் ஓடுகிறவர்கள் என்றார். பிறகு என்னைப் பார்த்து, சிலர் ஓடவும் மாட்டார்கள் என்றார்.

அத்தான் காலமானபின் அக்கா நோர்வேக்குத் திரும்பி, ஒஸ்லோவின் ஹவுகெட்டோவில் எங்கள் வீட்டின் கடைசி அறையில் குடியேறினார். என் மனைவி அக்காவை மச்சாள் என்பார், மகள் மாமி என்பாள். அங்கே பின்னேர ஆட்டம் என்றால் இங்கே விடியல். அக்கா கதவைத் திறந்து விட்டுக் கட்டிலில் கண்ணை மூடியபடி ரப்லெற் கணினியில் வானொலி வர்ணனை கேட்பார். நான் கூடத்தில் தொலைக்காட்சியில் பார்ப்பேன். வானொலி முந்தும், தொலைக்காட்சி பிந்தும். என் திரையில் பந்து இன்னும் மைதானத்தின் நடுவில் கிடக்க, அறைக்குள் இருந்து “ஓம்” என்று அக்காவின் குரல் வரும். சத்தமாக அல்ல, ஒருவர் கேட்டதற்குச் சம்மதம் சொல்வதுபோல. அரை நிமிடம் கழித்து என் திரையில் கோல் விழும்.

“அது சும்மா ஃபொர்சிங்கெல்சே அப்பா, நெற் உங்களுக்குப் பிந்தி வருது,” என்று நோர்வேயில் பிறந்த மகள் தாமதத்துக்கான நோர்வேஜியச் சொல்லோடு விளக்கினாள். விளக்கம் சரி. ஆனாலும் விடியற்காலையில், வீட்டருகே தண்டவாளப் பக்கம் பனிமூட்டம் நிற்கும்போது, நடக்காத ஒன்றுக்கு ஓம் சொல்லும் குரலைக் கேட்க முதுகு கூசும்.

கூசினாலும் நான் அதைப் பயன்படுத்தாமல் விடவில்லை. ரொம்மனில் இருந்து நண்பர்கள் வந்தால் ஒரு காதை அறைப்பக்கம் வைத்துக்கொண்டு, இவன் இப்போது ஆறு அடிப்பான் பாருங்கள் என்பேன். அடிப்பான். ஒரு கோடைகாலம் முழுவதும் நான் அந்த ஆட்டத்தின் ஞானி. பிறகு ஒருநாள் அக்கா வந்து எங்களுடன் கூடத்தில் இருந்துவிட்டார். அன்று நான் சொன்னது ஒன்றும் பலிக்கவில்லை. அக்கா மட்டும் தேத்தண்ணியைக் குடித்தபடி, என் தம்பிக்கு இன்றைக்குக் காது அடைத்துவிட்டது போல என்றார்.

கடந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் அக்காவின் உடல்நிலை மோசமானது. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் பெரும்பாலும் உறங்கினார். ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தார்.

“தம்பி, கதவை அகலத் திற. ஏணி வந்து நிக்கிறான். தலை முட்டப்போகுது.”

திறந்தேன். யாருக்கு என்று தாதி கேட்டார். கொஞ்சம் உயரமான விருந்தாளி என்றேன். அவர் இன்னொரு கதிரை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அக்கா கட்டிலைச் சுற்றி ஒவ்வோர் இடமாகப் பார்த்தார். கணக்கர் யன்னலோரம், குட்டியன் கட்டிலடியில், அவரின் மற்றத் தம்பி என் தோளுக்குப் பின்னால். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை என்பதே உண்மை.

“ஒரு ஆள் குறையுதாம்,” என்றார் அக்கா.

என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதே. நான் வரட்டா என்று கேட்டேன்.

“உனக்குப் பந்து பிடிக்கத் தெரியாது. நீ இரு.”

அக்கா என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். மறுநாள் காலை அமைதியாகப் பிரிந்தார்.

இந்தப் பருவம் ஆட்டங்கள் தொடங்கியபோது வீட்டின் அமைதி தாங்காமல்தான் தொலைக்காட்சியைப் போட்டேன். இரண்டாவதோ மூன்றாவதோ வாரம். பந்து நடுவில் கிடந்தது. கடைசி அறையில் இருந்து “ஓம்” என்று கேட்டது. அரை நிமிடத்தில் கோல். ரப்லெற் மறந்துபோய் ஓடுகிறது என்று எழுந்து போனேன். பாதி வழியில்தான் நினைவு வந்தது: அதை மகள் எப்போதோ லில்லெஸ்ட்ரோமில் உள்ள தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

மனைவிக்குச் சொன்னேன். என்னை வடிவாக அறிந்தவர் அவர். “உங்கடை பகிடிக்கை மச்சாளை இழுக்காதேங்கோ,” என்றார். ஞானியாக நடித்தவனுக்கு இது தேவைதான். பிழையான பந்துக்காக அக்கா வருகிறார் என்று எனக்குள் ஓர் எண்ணம் பிடித்துக்கொண்டது. மெல்பேர்ணில் இருந்து சரியான பந்தை வரவழைத்து, காற்றடித்து, அக்காவின் கட்டிலில் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். அடுத்த ஆட்டத்தன்று அது அறை வாசற்படியில் கிடந்தது. நீள்வட்டப் பந்து தானாக உருளும் அப்பா என்றாள் மகள். நான் அதை எடுத்து மீண்டும் கட்டிலில் வைத்தேன். “ஓம்” நிற்கவில்லை.

மகளுக்குப் பிள்ளை பிறக்க இருக்கிறது. அவள் கொஞ்சக் காலம் எங்களோடு வந்து இருக்கப்போகிறாள். அக்காவின் முதலாண்டுச் சடங்கான ஆட்டைத் திவசம் முடிந்த கையோடு கடைசி அறையைத் துப்புரவாக்கி, கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தொட்டில் வைப்பது என்று தீர்மானம். தீர்மானித்தவர் மனைவி, தலையாட்டியவன் நான். அந்த அறை இன்னும் வெறுமையாகவில்லை என்று நான் யாருக்குச் சொல்ல? சொன்னால் சிரிப்பீர்கள். இவ்வளவு காலமும் உங்களைச் சிரிக்க வைத்துப் பழக்கியவன் நானே. அக்காவை இன்னொரு முறை வழியனுப்ப என்னால் முடியாது என்பதை மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அக்காவின் இறுதி நாட்களில் ஆஸ்பத்திரிக்கு மாறி மாறி வந்திருந்தவர்களுக்கும், எங்களுக்குச் சமைத்து அனுப்பிய அயலவர்களுக்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயாவுக்கும், காற்றை எடுக்கச் சொன்ன பணிப்பெண்ணுக்கும், கதிரை கொண்டுவந்து வைத்த தாதிக்கும், சரியான பந்தை அனுப்பிய மெல்பேர்ண் மருமகனுக்கும், தன் கணவரின் இருக்கையை அக்காவுக்குக் கொடுத்த, இன்று நம்மிடையே இல்லாத அந்த அம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்கா இருந்தபோது ஒவ்வோர் ஆட்டத்தின் பாதி இடைவேளையிலும் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்த என் மனைவிக்கு நான் நன்றி சொன்னால், என்ன புதுப் பழக்கம் என்று கேட்பார். ஆகவே நடந்ததை மட்டும் எழுதி முடிக்கிறேன்.

போன மாதம், பருவத்தின் கடைசி ஆட்டங்களில் ஒன்று. மனைவி குசினியில் தேத்தண்ணிக்குச் சீனி கலக்கிக்கொண்டிருந்தார். திரையில் ஒருவர் பந்தைப் பிடித்த கையோடு பாதியாட்டச் சைரன் ஊதியது. அந்த ஓர் உதை மட்டும் மிச்சம். அவர் நிதானமாகப் பின்னால் நடக்கத் தொடங்கினார். கடைசி அறையில் இருந்து “ஓம்” என்று கேட்டது.

குசினியில் கரண்டிச் சத்தம் நின்றது.

நான் திரும்பிப் பார்த்தேன். மனைவி எனக்கு முதுகு காட்டி அசையாமல் நின்றார். திரையில் ஆட்டக்காரர் ஓடிவந்து உதைத்தார். பந்து நடு இரண்டு கம்பங்களுக்குள்ளால் போனது. அதன் பிறகுதான் கரண்டி மறுபடி அசைந்தது. எழுந்து போய் அக்காவின் அறைக் கதவில் கையை வைத்தேன். உள்ளே பார்க்காமல், இதைச் சாத்திவிடட்டுமா என்று குசினிப் பக்கம் கேட்டேன்.

மனைவி மூன்றாவது கோப்பையை எடுத்து வைத்தபடி சொன்னார்:

“கதவைச் சாத்தாதேங்கோ, இன்னும் பாதி ஆட்டம் கிடக்கு.”