எங்கள் தெருவில் ஒரே ஓர் ஆக்கிரமிப்பு

சென்னைப் புறநகரான முடிச்சூரில் எங்கள் தெரு ஒரு காலத்தில் வயல். அதில் மனை வாங்கிய எவரும் முடிச்சூர்க்காரர் இல்லை. மதுரை, திருநெல்வேலி, கும்பகோணம் என்று எங்கிருந்தோ வேலைக்காக வந்தவர்கள். தரைத்தளத்துக்கு அனுமதி வாங்கினோம். மாடி தானாக வளர்ந்தது. வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், எந்த விதியை மீறியிருக்கிறோம் என்பது எனக்கு உட்பிரிவோடு தெரியும்.

தெரு நெடுக ஓடும் கால்வாயை ஒட்டி, தெருக்கோடியில் ஒருவர் தகரக் கூரை போட்டு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். அவற்றில் ஒன்றில் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒடிசாவிலிருந்து வந்த கொத்தனார், மனைவி, மகள். எங்கள் மாடிகளில் பாதி அவர் கட்டியவை. மகள் அரசுப் பள்ளியில் பத்தாவது, தமிழ் வழி.

போன ஐப்பசியில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது. வடிந்ததும் நலச்சங்கச் செயலாளர் மனுவோடு வந்தார். கால்வாயை அடைத்திருக்கும் வெளிமாநிலத்தவர் குடியிருப்பை அகற்ற வேண்டுமாம்.

"ஆக்கிரமிப்புன்னு எழுதினா சர்வேயர் அந்த ரூமை மட்டும் அளக்க மாட்டார் சார். தெருவையே அளப்பார்" என்றேன்.

"ரிட்டயர் ஆகியும் ஆபீஸ் உங்களை விடலை சார்" என்று சிரித்தார்.

நான் கையெழுத்துப் போடவில்லை. மற்ற எல்லோரும் போட்டார்கள்.

செய்தி தெரிந்து கொத்தனாரின் மனைவி வந்தார். "இன்னா சார், தண்ணி நிக்கறதுக்கு எங்க ரூம்தானா காரணம்? பொண்ணுக்குப் பரிட்சை கீது. அது முடிஞ்சா நாங்களே பூடறோம். அதுவரைக்கும் விடச் சொல்லு சார்."

தேர்வு முடியும்வரை அவகாசம் கேட்டு, தாசில்தாருக்குப் பிசிறில்லாமல் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். பதில் வந்தது: வாடகைதாரர் சார்பில் கோர இடமில்லை. விதிப்படி சரியான பதில். நானே பணியில் இருந்திருந்தால் அதைத்தான் எழுதியிருப்பேன்.

சர்வேயர் தெருவின் இந்த முனையிலிருந்து அளக்கத் தொடங்கினார். செயலாளரின் போர்ட்டிகோ கால்வாய்ப் புறம்போக்கில் நின்றது. என் மாடிப்படியும்தான். அன்று மாலையே செயலாளர் அலுவலகத்துக்கு ஓடினார். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"ஏதாவது ஒண்ணு இடிச்சாப் போதுமாம் சார். நடவடிக்கை எடுத்தாச்சுன்னு ஃபைலை மூடிடுவாங்களாம்."

எது என்று நான் கேட்கவில்லை.

அறைகளை வாடகைக்கு விட்டவர் இடிக்கக் கொத்தனாரையே அமர்த்திக்கொண்டார். குடியிருந்த சுவரை அவரே கடப்பாரையால் தள்ளினார். தகரங்களை வளையாமல் கழற்றி அடுக்கினார்.

ஊரப்பாக்கம்வரை அறை தேடினார்கள். எந்த ஊர் என்று கேட்டதுமே வீடுகள் நிரம்பிவிட்டன. கடைசியில் கட்டட வேலை நடக்கும் இடத்தில் கொட்டகை கிடைத்தது, ஆண்களுக்கு மட்டும். மனைவியும் மகளும் ரயிலேறினார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழில் படித்த பெண்ணுக்கு ஒடியா எழுதத் தெரியாது.

மார்கழியில் பெய்த மழைக்கும் முழங்கால் தண்ணீர்தான் நின்றது. பங்குனியில் செயலாளர் போர்ட்டிகோவை உயர்த்த அதே கொத்தனாரை அழைத்தார்.

"பொண்ணு பரிட்சை எழுதிட்டாளாப்பா?" என்று விசாரித்தார்.

கொத்தனார் சல்லடையில் அடுத்த சட்டி மணலைக் கொட்டினார்.

"ஒரு அடி தூக்கணுமா, ரெண்டு அடியா சார்?" என்று கேட்டார்.