அப்பாவின் நீலச் சட்டை

ஆணையிட்டுச் சத்தியம் செய்வது எங்கள் சபையில் பாவம். அதனால் ஆணையிடாமல் சொல்கிறேன். இது நடந்தது. பாறசாலைக்குக் கிழக்கே எங்கள் வீட்டில், போன மார்ச் பன்னிரண்டாம் தேதி, மாலை 6.20க்கு.

அதற்கு நான்கு மாதம் முன்புதான் அம்மா ரத்னபாயை அடக்கம் செய்தோம். நுரையீரலைச் சுற்றிய சவ்வில் புற்று. மீசோதீலியோமா என்று டாக்டர் எழுதிக் காட்டினார். வீட்டில் யாராவது ஆஸ்பெஸ்டாஸ் வேலை பார்த்தார்களா என்று கேட்டார். அப்பா ஜெயசிங் பதினெட்டு வருடம் ஷீட் கம்பெனியில் மூட்டை பிரித்தவர். வெள்ளைப் பொடியோடுதான் வீடு வருவார். அம்மா பின்முற்றத்தில் அவர் சட்டையை மூன்று தரம் உதறிவிட்டுத் துவைப்பாள். அந்தப் பொடி போதுமாம். முப்பது வருடம் கழித்தும் கொல்லுமாம்.

கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்டோம். 'ரத்னபாய் எங்கள் தொழிலாளி அல்ல' என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அப்பா மாரடைப்பில் இறந்த அன்று கழற்றிய சட்டையை மட்டும் அம்மா துவைக்கவில்லை. பேப்பரில் பொதிந்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள். நெய்யாற்றின்கரை வக்கீல் அம்பிளி அதைக் கொண்டுவரச் சொன்னார். அம்மாவுக்கு அது ஒன்றுதான் சாட்சி.

பெட்டியைத் திறந்தேன். பின்முற்றத்தில் சத்தம்.

டப்... டப்... டப்...

மூன்று தரம். ஓடிப் பார்த்தேன். துவைகல் காய்ந்து கிடந்தது. யாரும் இல்லை.

6.24. திரும்பி வந்தேன். அறையில் பீடி வாசம். அப்பா போன பிறகு இங்கே யாரும் பீடி பிடிப்பதில்லை.

மடிப்பைப் பிரித்துச் சட்டையை உதறப் போனேன்.

என் கையை ஏதோ பிடித்தது.

"உதறாத மக்கா..."

அப்பா குரல்.

சட்டை பெட்டிக்குள் விழுந்தது. மூடிவிட்டு ஓடினேன்.

6.40க்கு என் கணவர் சானு வந்தார். சேர்ந்து திறந்தோம்.

"நீயாக்கும் நனைச்சது?"

"ரெண்டு நாளா குழாயில தண்ணி எங்க வருது?"

சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதன் அடியில் இருந்த பேப்பர் காய்ந்திருந்தது.

மூன்று வாரம் கழித்து, கோர்ட் மூலம் வாங்கிய கம்பெனிக் கடிதம் ஒன்றை அம்பிளி படித்துக் காட்டினார். ஆங்கிலத்தில் இருந்தது. வேலைத் துணியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது. உதறக் கூடாது. நனைத்த பிறகே தொட வேண்டும். அப்பா வேலைக்குச் சேர்வதற்கு மூன்று வருடம் முன்பே எழுதியது. மேனேஜர் மேசைக்குள் பூட்டி வைத்திருந்தார்கள், பாவிகள். ஒரு தொழிலாளியிடமும் சொல்லவில்லை.

சாகும்வரை அப்பாவுக்கு அது தெரியாது.