லிஃப்ட் அக்காவுக்கு ஒரு சிபாரிசு

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் முன்பெல்லாம் அவள் குரல்தான் கேட்கும். "பயப்படாதீங்க, ஆள் கிளம்பிட்டாரு, நான் லைன்ல இருக்கேன்" என்பாள். ஆள் கிளம்பியிருக்கவே மாட்டார், டீ குடித்துக்கொண்டிருப்பார். அது வேறு விஷயம். மெக்கானிக் போய்க் கதவைத் திறக்கும் சத்தம் காதில் விழும்வரை அவள் பேச்சை விடமாட்டாள். பையில என்ன வச்சிருக்கீங்க, பொண்ணு எந்த வகுப்பு, மாமனார் கோபக்காரரா என்று கேட்டுக்கொண்டே போவாள். வெளியே வரும்போது பாதிப் பேர் அவளுக்குச் சொந்தக்காரர்கள் ஆகியிருப்பார்கள். மெக்கானிக்குகள் அவளுக்கு வைத்த பெயர் லிஃப்ட் அக்கா.

போன மழைக்காலத்தில் கம்பெனி அவளை அனுப்பிவிட்டு, அந்த வேலைக்கு ஒரு பதிவுசெய்த குரலை வைத்தது. அது தேனாகப் பேசும், யார் சொல்வதையும் கேட்காது. லிஃப்ட் அக்கா வீட்டில் உட்கார்ந்து அலமாரியை அடுக்கினாள். பிறகு அதையே கலைத்து மறுபடி அடுக்கினாள். வயதோ நாற்பதைத் தாண்டி வெகுநாள் ஆகிவிட்டது. விண்ணப்பங்கள் எல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. இனி நம்மை யாரும் வேலைக்குக் கூப்பிடப்போவதில்லை என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. அதை வாய்விட்டுச் சொல்லாமல் புருஷன்மேல் எரிந்து விழுந்தாள். பாவம், அந்த மனுஷன் துண்டை எங்கே காயப்போடுவது என்றுகூடப் பயந்து பயந்துதான் கேட்டார்.

அவர்தான் தம்பிக்குப் போன் போட்டிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் லேப்டாப்பும் கையுமாக வந்து நின்றான். கண்ணாடிக் கட்டடத்தில் பெரிய உத்தியோகம் பார்ப்பவன். என்ன உத்தியோகம் என்று குடும்பத்தில் யாருக்கும் சொல்லத் தெரியாது.

"அண்ணி, ஆன்லைன்ல நல்ல புரொஃபைல் இல்லன்னா இந்தக் காலத்துல நீங்களே இல்லன்னு அர்த்தம்" என்றான்.

வேலை கொடுப்போரும் தேடுவோரும் கூடுகிற ஒரு தளத்தில் அவளுக்குக் கணக்கு திறந்தான். 'லிஃப்ட் கம்பெனியில் போன் எடுப்பவர்' என்று அவள் சொன்னதை அடித்துவிட்டு, 'செங்குத்துப் போக்குவரத்து நெருக்கடித் தொடர்பு வல்லுநர்' என்று தட்டினான்.

"யாருப்பா இது?"

"நீங்கதான் அண்ணி."

"போன் எடுப்பேன்னு போட்டா என்ன குறைச்சல்?"

"போட்டா எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்."

அடுத்து புகைப்படம். புருஷனின் கோட்டை மாட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னான். படத்தில் அவள் குளிர்காய்ச்சல்காரி மாதிரி இருந்தாள். தன்னம்பிக்கை வழிகிறது என்று கொழுந்தன் சான்றிதழ் கொடுத்தான். கிளம்பும்போது, "உங்களை நல்லா தெரிஞ்ச நாலு பேர்கிட்ட சிபாரிசு எழுதச் சொல்லுங்க, அதுதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் மனதில் வைத்துச் சொன்னது மேனேஜரையும் மெக்கானிக்குகளையும். அதை அவன் உடைத்துச் சொல்லியிருக்க வேண்டும். நன்றாகத் தெரிந்தவர்கள் என்றால் லிஃப்ட் அக்காவுக்குச் சொந்தபந்தம்தான். லிங்க்கைக் கொண்டுபோய்க் குடும்பக் குழுவில் போட்டாள்.

மறுநாள் காலை மொத்தக் கூட்டமும் அங்கே ஆஜர். படத்துக்குக் கீழே சின்ன அத்தை, "கோட்டு யாருது? தோள் தொங்குது" என்றாள். பெரியப்பா, "ஏம்மா இளைச்சுட்டே" என்று உருகினார். சிபாரிசுகள் தனியாக வந்து குவிந்தன. அவற்றை ஏற்பதா வேண்டாமா என்று தளம் அவளிடமே கேட்டது. பெரியவர்கள் மெனக்கெட்டு எழுதியதை வேண்டாம் என்று சொல்வதா? எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டாள்.

மத்தியானம் கொழுந்தன் அலறிக்கொண்டு போன் பண்ணினான். "அண்ணி, அது ஆபீஸ் மாதிரி அண்ணி! சித்தப்பா அங்க வந்து அண்ணனோட மூல வியாதி சரியாயிடுச்சான்னு விசாரிச்சிருக்காரு! எல்லாத்தையும் அழிங்க. முதல்ல அம்மா எழுதினதை அழிங்க!"

அம்மா என்றால் அவள் மாமியார், இருப்பது கொழுந்தன் வீட்டில். மாமியாரும் மருமகளும் தினமும் போனில் முட்டிக்கொள்வார்கள். மாமியார் எழுதியதை லிஃப்ட் அக்கா முழுசாகப் படிக்காமலே ஏற்றுக்கொண்டிருந்தாள். இப்போதுதான் பதறிப்போய்ப் படித்தாள்.

'இவள் என் மருமகள். எனக்கும் இவளுக்கும் ஆகாது. நான் எவ்வளவு திட்டினாலும் போனை இவள் முதலில் வைக்க மாட்டாள். எனக்கு மூச்சு வாங்கினால், போய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மிச்சத்தைச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன் என்பாள். அதற்குமேல் எப்படித் திட்டுவது? இவளை வேலைக்கு வைக்கலாம்.'

மானமே போயிற்று என்று உட்கார்ந்துவிட்டாள். அழிக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்றும் தெரியவில்லை. அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் தலைவி பேசினாள். புரொஃபைலைப் பார்த்ததாகச் சொல்லி, நாளைக்கு நேரில் வர முடியுமா என்றாள்.

போனாள். வரிசையாக ஹெட்போன் மாட்டிய ஆட்கள், சுவரில் பெரிய வரைபடம், ஓரத்தில் ஒரு கண்ணாடி அறை. தலைவி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "செங்குத்துன்னு என்னமோ போட்டிருக்கீங்க, அது எனக்குப் புரியல. மாமியார் எழுதினது புரிஞ்சுது. நிஜமாவே மாமியார்தானா?" என்றாள்.

"ஐயோ, நிஜம்தான் மேடம்."

"அவங்க நம்பர் குடுங்க. நான் விசாரிக்கணும்."

லிஃப்ட் அக்கா வேறு வழியில்லாமல் எண்ணைச் சொன்னாள். தலைவி போனை ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னாள். மாமியார் சும்மா விடுவாளா? மருமகளின் பிடிவாதம், சாப்பாட்டில் உப்பு, மகனை விரட்டும் விரட்டு என்று ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தாள். தலைவி குறுக்கே பேச வாயைத் திறந்து திறந்து மூடினாள். வேலை கைநழுவிப்போவதைப் பார்த்துக்கொண்டே லிஃப்ட் அக்கா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

திடீரென்று அந்தப் பக்கம் குரல் இறங்கியது.

"ஆனா ஒண்ணு சொல்றேம்மா. வேலை போனதுலேருந்து அவ சரியில்ல. நான் என்ன திட்டினாலும் 'சரி அத்தை, சரி அத்தை'ங்கறா. சரின்னு சொல்ற பொண்ணா அவ? எனக்குப் பயமா இருக்கும்மா. அவளுக்கு ஏதாவது வேலை போட்டுக் குடுங்க."

லிஃப்ட் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணாம் தேதி வந்துடறீங்களா?" என்று தலைவி மெதுவாகக் கேட்டாள்.

அவள் பதில் சொல்லும் முன்பே போனுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "ஒண்ணாம் தேதி வரைக்கும் எதுக்கு? நாளைக்கே வருவா!"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க அத்தை!" என்று லிஃப்ட் அக்கா போட்ட அதட்டலில் வெளியே ஹெட்போன் மாட்டியிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பாடா" என்றாள் மாமியார்.