பதினேழாம் வாய்ப்பாடு

இதை நான் என் பிள்ளைகளிடம் சொன்னதில்லை. கணவரிடம் ஒருமுறை சொல்லத் தொடங்கி, பாதியில் வேறு பேச்சுக்கு மாறிவிட்டேன். அவர் ஏதாவது சமாதானம் சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது.

பாலக்காட்டுப் பக்கம், எலப்புள்ளிக்குக் கிழக்கே எங்கள் நிலம். பாதி வயல், பாதி கடலைக்காடு. அதில் இரண்டு குடிசைகள் இருந்தன. ரோட்டோரம், கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்த குடிசையில் ரங்கன், அவர் மனைவி மாராத்தாள், மகள் வள்ளி. தெற்கு மூலையில், பாறை தலைநீட்டும் இடத்தில் இருந்த குடிசையில் குப்பனின் குடும்பம். இரண்டு வீட்டாரும் எங்கள் பண்ணையில்தான் வேலை செய்தார்கள். ஒரே கூலி, ஒரே கஞ்சி, ஒரே மாதிரி பனையோலைக் கூரை. இந்த இரண்டில் எது வசதியான வீடு என்று யாராவது கேட்டிருந்தால் ஊரே விழித்திருக்கும்.

வள்ளியும் நானும் ஐந்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. எனக்குக் கணக்கு வராது. பதினேழாம் வாய்ப்பாடு தெரியாமல் வாத்தியார் என்னை இரண்டு நாள் பெஞ்சின் மேல் நிற்க வைத்தார். வள்ளியிடம் சிலேட்டு இல்லை, உடைந்துவிட்டது. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த அவர்கள் குடிசைச் சுவரில், கதவுக்குப் பின்னால், அடுப்புக்கரியால் அவள் அந்த வாய்ப்பாடு முழுவதையும் எழுதி வைத்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே போய்விடுவேன். இது அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. என் முழங்காலில் தாளம் தட்டி அவள் சொல்லச் சொல்ல நான் திரும்பச் சொல்வேன். நான் தடுமாறினால் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். ஒரே வாரத்தில் எனக்கு அது வந்துவிட்டது.

அந்த வருஷம் பெரியவர்கள் கூடினால் பத்து சென்ட் பேச்சுதான். பண்ணை நிலத்தில் குடிசை போட்டு இருப்பவர்களுக்கே அந்தக் குடிசையும் அதைச் சுற்றிப் பத்து சென்ட்டும் சொந்தம் என்று சர்க்கார் சட்டம் கொண்டுவந்திருந்தது. குப்பனுக்குப் பாறை மூலையைக் கொடுப்பதில் அப்பாவுக்கு வருத்தமில்லை. அங்கே எள்ளுகூட முளைக்காது என்றார். எழுதிக் கொடுத்தார், ஊரில் அவருக்கு நல்ல பெயர் வந்தது. ரோட்டோரத்து இடம் வேறு. அங்கே கிணறு இருந்தது, பிற்காலத்தில் ரோடு அகலமாகும் என்றும் பேச்சு இருந்தது.

அதைக் கொடுக்காமல் இருக்க வழி கண்டுபிடித்தவர் சித்தப்பா. ஆடி மாதம் கூரையை மாற்றித் தருவதாகச் சொல்லி ரங்கன் குடும்பத்தை வாய்க்கால் புறம்போக்கில் ஒரு சாளைக்கு, ஓலைக் கொட்டகைக்கு, அனுப்பினார். இரண்டு வாரம் என்றார். அவர்கள் போன மறுநாளே அந்தக் குடிசையில் இரண்டு எருமைகளைக் கட்டினார். அடுப்பை உடைத்து, தரையைச் சாணம் போட்டு மெழுகினார்கள். ஆவணி போய்ப் புரட்டாசி வந்தும் கூரைக்கு ஓலை வரவில்லை. ரங்கன் யாரையோ பிடித்து மனு எழுதிப் போட்டுவிட்டார்.

ஐப்பசியில் அதிகாரி விசாரணைக்கு வந்தார். குடையும் ஒரு துணிப்பையுமாக, பாலக்காட்டுக்கு மேற்கேயிருந்து வந்த மலையாளத்து மனிதர். முதலில் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். பிறகு எல்லோரும் குடிசைக்குப் போனோம். அன்று என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. ஏனென்று நான் கேட்கவுமில்லை. ரங்கனும் மாராத்தாளும் வள்ளியும் ரோட்டோரம் நின்றிருந்தார்கள்.

அப்பா பேசவில்லை. சித்தப்பாதான் பேசினார். "இது எங்க மாட்டுச்சாளைங்க. இவிய இருக்கறது வாய்க்கா மேட்டுல. வேணும்னா போயிப் பாருங்க."

"இருவது வருசமா இங்கதானுங்க இருந்தோம்," என்றார் ரங்கன். "எம்புள்ள பொறந்ததே இந்த ஊட்டுலதானுங்க." அப்புறம் ஒருகணம் யோசித்துவிட்டு, "கதவுக்குப் பின்னால பாருங்க சாமி, எம்புள்ள எழுதுன எழுத்து இருக்குது," என்றார்.

சித்தப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்தச் சுவரை அவர் கவனித்திருக்கவில்லை. அதிகாரி எருமைகளை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போய், கதவைச் சாத்திப் பார்த்தார். சாணிக்கறைகளுக்கு நடுவே வாய்ப்பாடு அப்படியே இருந்தது. வெளியே வந்து, "உங்க எருமை வாய்ப்பாடு படிக்குமோ?" என்று கேட்டார்.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, கண்ணைக்கூடக் காட்டவில்லை. சித்தப்பா திணறுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அதோடு, எல்லோரும் என்னைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

"அது நான் எழுதினது."

அதிகாரி குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "மோளே, சத்தியமா?"

"ஆமாங்க. நான் இங்க வந்து டீச்சர் வெளையாட்டு வெளையாடுவேன்."

"எங்கே, பார்க்காம சொல்லு."

சொன்னேன். ஒரு பதினேழு பதினேழிலிருந்து எங்கும் நிற்காமல், தொடையில் தாளம் தட்டியபடி, பதினாறு பதினேழு இருநூற்று எழுபத்திரண்டு வரைக்கும். என் வாழ்க்கையில் அதற்குமுன் எதையும் அவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை. முடித்தபோது அப்பா என் தலையில் கை வைத்தார். அந்தக் கையின் பாரத்தில் எனக்கு உடம்பெல்லாம் பூரித்தது.

அதிகாரி விடவில்லை. வள்ளியைக் கூப்பிட்டார். "நீ சொல்லு. யார் எழுதினது?"

வள்ளி அவள் அம்மாவைப் பார்த்தாள். மாராத்தாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வள்ளி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

"அவியதானுங்க எழுதுனாங்க," என்றாள்.

ரங்கன், "ஏம் புள்ள," என்று அவளைப் பார்த்து ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அதிகாரி பையிலிருந்து காகிதத்தை எடுத்து, முழங்காலில் வைத்து ஏதோ எழுதினார்.

எங்கள் வீட்டில் சாப்பிட்டபோதே அவர் முடிவு செய்திருப்பார், என் வாய்ப்பாடு ஒரு சாக்குத்தான் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் முடிவு செய்தவர் எருமையைத் தள்ளிவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்ப் பார்ப்பாரா? தெரியவில்லை. அவர் சாக்குத் தேடி வந்தவர் என்றாலும் அதைக் கொடுத்தது நான்.

மனு தள்ளுபடியானது. அடுத்த கோடையோடு வள்ளியின் பள்ளிக்கூடம் நின்றது. அவர்கள் வாளையார்ப் பக்கம் ஒரு செங்கல் சூளைக்குப் போனார்கள். பிறகு அந்தச் சூளையிலும் இல்லை என்று கேள்வி. அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு விலாசம் இருந்ததில்லை. நான் தேடவுமில்லை.

குப்பன் அந்தப் பாறை மூலையில் ஓட்டுவீடு கட்டினார், கறவை மாடு வாங்கினார். பாறைக்கு நடுவே இரண்டு தென்னைகூடப் பிடித்துவிட்டன. அவர் மகன் ஐ.டி.ஐ. படித்துக் கஞ்சிக்கோட்டில் வேலைக்குச் சேர்ந்தான். பேரன் இப்போது பெங்களூரில் இருக்கிறான், என் மகனைவிட நல்ல சம்பளம். போன வருஷம் அவன் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். ஒரே கஞ்சி குடித்த இரண்டு வீடுகள். எங்கள் சொத்து குறைந்தது, குப்பன் வீட்டாருடையது ஏறியது, காலம் மாறிவிட்டது என்று எங்கள் உறவினர்கள் பெருமூச்சு விடுவார்கள். வள்ளியின் வீட்டை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. ரோட்டோரத்து இடம் பின்னால் நல்ல விலைக்குப் போய், கோயமுத்தூரில் என் காலேஜ் படிப்பும் என் கழுத்து நகையும் ஆனது. இப்போது அங்கே லாரிகளுக்கு எடை போடும் மேடை இருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்துவிட்டேன்.

விசாரணை முடிந்த அன்று சாயங்காலம் நான் வாய்க்கால் மேட்டுக்குப் போனேன். மடியில் நாலு அதிரசம் வைத்திருந்தேன். வள்ளி சாளைக்கு வெளியே சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். சிநேகிதத்துக்காகச் செய்தாள் என்றே நினைத்தேன். அதை அவள் வாயால் கேட்க ஆசைப்பட்டேன்.

"நீ ஏம்புள்ள அப்படிச் சொன்னே?"

அவள் நிமிரவில்லை. "எங்கம்மா நாளைக்கு உங்க காட்டுக்குக் கடலக்கா புடுங்க வரோணுமில்ல," என்றாள்.

நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வேறு எதையோ சொல்கிறாளே என்று தோன்றியது. அதிரசத்தை அவள் பக்கத்தில் ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். வாசலில் அப்பாவும் சித்தப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். வேலைக்காரர் சொல்லியனுப்பிய தகவலை மறக்காமல் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பான பெண்ணாக, மூச்சு வாங்க அவர்கள் முன்னால் நின்று, நாளைக்கு மாராத்தாள் கடலை பிடுங்க வருகிறாளாம் என்று சொன்னேன்.