குவைத் கடதாசியில் கல்லடி டொபி

இராசாத்தி குவைத்தில் வீட்டுவேலை செய்த காலமெல்லாம், சித்திரை வருசம் பிறந்தால் அவள் ஊரான கல்லடியில் வீடிருக்கிற ஒழுங்கைக்கே சொக்லேட் மழைதான். பார்சல் வரும். அவள் புருசன் ஜெயந்தன் அதை வீடு வீடாய்க் கொண்டுபோய்க் கொடுப்பான். வாவியில் வலை வீசுகிற மனுசன், அன்றைக்கு மட்டும் வெள்ளைச் சேட்டு!

இந்த வருசம் பார்சல் வரவில்லை. இடுப்பை நிமிர்த்தேலாத நாரிப்பிடிப்போடு இராசாத்தியே வந்துவிட்டாள், இனிப் போவதில்லை என்று. வந்தது சரி, வெறுங்கையோடல்லவா வந்தாள்! இருந்த கொஞ்சமும் வீட்டுக் கூரைக்குப் போய்விட்டது. ஒழுங்கைச் சனம் விடுமா? "சொக்லேட் எங்க?" என்று நேரே கேட்டாலும் பரவாயில்லை. சிரித்துச் சிரித்து அவள் கையைப் பார்த்தார்கள். இத்தனை வருசம் உழைத்தும் ஒன்றுமில்லாமல் வந்தவள் என்ற பேர் மட்டும் வந்துவிடக்கூடாது என்று அவள் தவித்துப் போனாள்.

டொபி கிண்டிக் கொடுப்போமென்று கடையில் கட்டியான ரின்பால், சீனி, கொஞ்சம் மாஜரின் வாங்கினாள். முந்திரிக் கசுக்கொட்டை விற்கிற விலைக்கு அதன் பக்கமே திரும்பேலாது. அதுக்குப் பதிலாய்க் கச்சான் கடலையை வறுத்து இடித்துக்கொண்டாள். தாச்சியை அடுப்பில் வைத்துக் கிண்டினாள், கிண்டினாள், கை கழன்று விழுமட்டும் கிண்டினாள். டொபி பொல்லாத சாமான். அவசரப்பட்டு இறக்கினால் களி, கொஞ்சம் பிந்தினால் கல்லு. தாச்சியை விட்டுச் சுருண்டு வருகிற நேரம் பார்த்துத் தட்டத்தில் கொட்டி, ஆற முன்னம் துண்டு போட்டு, ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தாள். அடி ஆத்தே! நன்றாய்த்தான் வந்திருந்தது.

ஆனால் பார்த்தவுடனே வீட்டு டொபி என்று தெரியுமே! அப்போதுதான் ஜெயந்தன் அசட்டுச் சிரிப்போடு ஒரு பழைய பிஸ்கட் தகரப் பேணியைக் கொண்டுவந்து வைத்தான். உள்ளே முழுக்கச் சொக்லேட் கடதாசி! தங்கநிறம், நீலம், சிவப்பு, எல்லாம் நகத்தால் நீவி அடுக்கியது.

"நீ தொட்டு அனுப்பினதுதானே, எறிய மனம் வரல்ல" என்றான்.

ஒரு ஆம்பிளை சேர்த்துவைக்கிற சாமானா இது? அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழ எங்கே நேரம்? இரண்டு பேருமாய்க் குந்தியிருந்து டொபிக்குக் குவைத் சட்டை போட்டார்கள்.

வருசத்தன்று முதல் ஆளாய் வந்து நின்றவள் அடுத்த வீட்டு இரத்தினம்மா மாமி. ஒழுங்கையில் அவள் சொன்னால் சொன்னதுதான். ஒரு டொபியை உரித்து வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். இராசாத்தி மாமியின் வாயையே பார்த்தாள்.

"அதானே பார்த்தன்! குவைத் சாமான் குவைத் சாமான்தான் கா. எங்கட ஆக்கள் தலைகீழா நிண்டாலும் இப்பிடிக் கிண்டுவாளுகளா?"

தப்பியாச்சு. மானம் தப்பியாச்சு. பல்லைக் காட்டிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் இராசாத்திக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. என் நாரியை எடுத்தது, என் இளமையை எடுத்தது, இப்போது என் டொபியின் பேரையும் அந்தக் குவைத்தே எடுக்கிறதா?

"அது குவைத் இல்ல மாமி! நான் கிண்டினது, இந்தா, இந்த அடுப்பில! கொண்டுவர என்னட்ட ஒண்டும் இல்ல. கடதாசி மட்டும்தான் குவைத்!"

ஜெயந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

மாமி மெல்லுவதை நிறுத்தவில்லை. "அப்ப இனி அங்க போகமாட்டியா?"

"மாட்டன்."

"அதை முதல்ல சொல்லன் கா! உன்ட சொக்லேட்டை ஆர் கேட்ட? வருசா வருசம் இவன் தனிய வந்து நீட்டக்குள்ள அந்த முகத்தைப் பார்க்கேலாது. அதுக்காகவே கெதியா வாங்கி வாயில போட்டுக்கொள்ளுறது. அப்பிடி வந்ததுதான் எனக்கு இந்தச் சீனி வருத்தம்" என்றபடி மாமி அடுத்த டொபியை உரித்தாள்.