மறுஒலிபரப்பில் நான் நலம்

சத்திரசிகிச்சை முடிந்து கண் விழித்ததும் தண்ணீர் கேட்டேன். தாதி திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி கேட்டேன். வாயிலிருந்து காற்றுத்தான் வந்தது.

தைரொயிட் சுரப்பியில் (கழுத்தின் முன்புறம் இருக்கும் சுரப்பி) கட்டி. அதை எடுக்கும்போது குரல்நாணுக்குப் (அதிர்ந்து ஒலி எழுப்பும் தசைமடிப்பு) போகும் நரம்பு பாதிக்கப்படலாம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். நல்லவேளை, புற்றுநோய் இல்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், “குரல் கெதியாத் திரும்பும்” என்றார்கள். இஞ்சி, தேன், மிளகு, கற்கண்டு என்று, மெல்பனில் நாங்கள் இருக்கும் நோபல் பார்க் முழுவதும் வைத்தியராகிவிட்டது. உண்மையான வைத்தியர் மட்டும், நரம்பு தேறலாம், தேறாமலும் போகலாம், காத்திருங்கள் என்றார். இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தக் காத்திருப்புக்கு மருந்து இல்லை. எரிச்சல் வரும். எனக்கு நிறையவே வந்தது.

வார நாட்களில் பக்கத்து ஊரான டண்டினொங்கில் பண்டகசாலை வேலை. ஞாயிறு மதியம் சமூக வானொலியில் நகைச்சுவை நிகழ்ச்சி. நான் உயிரோடு இருப்பதாக உணர்ந்தது அந்த ஞாயிறுகளில்தான். நோய் வந்த நேரம், அந்தக் காலத்து அமெரிக்க வானொலி நகைச்சுவைக்காரர் ஒருவரின் வாழ்க்கையைத் தொடராகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சின்ன அரங்குகளில் ஒருவரும் சிரிக்காமல் அலைந்த மனிதர். வானொலி அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. தொலைக்காட்சி வந்து முகத்தைக் காட்டியதும், “இவர் அவரில்லை” என்று சனம் கைவிட்டது. அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் நான் அப்போது இன்னும் பேசியிருக்கவில்லை.

நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ரவி பழைய பதிவுகளை முதலிலிருந்து போடத் தொடங்கினார். “நீங்கள் சுகமாகும்வரைக்கும்தான் அண்ணை” என்றார். மறுஒலிபரப்பு என்று அவர் அறிவிப்பதை யாரும் காதில் வாங்கவில்லை. மரக்கறிக் கடையில் ஒருவர் தோளில் தட்டி, “நேற்று கலக்கிப்போட்டீங்கள்!” என்றார். நன்றி சொல்லக்கூட எனக்குக் குரல் இல்லை. தலைக்கனம் பிடித்தவன் என்று நினைத்திருப்பார்.

பேச்சுப் பயிற்சிக்குப் போனேன். ஒரு மூச்சுக்கு இரண்டு சொல்தான் வந்தது. முன்பு ஒரே மூச்சில் ஒரு பகிடியை முடிப்பேன்.

ஒரு ஞாயிறு, சாப்பாட்டு மேசையில் மனைவி சாந்தியிடம் இன்னும் கொஞ்சம் சொதி கேட்டேன். வானொலியில் என் பழைய குரல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சிரித்தபடியே கையைக் காட்டி, “கொஞ்சம் பொறுங்கோப்பா, இதைக் கேட்டு முடிக்கிறன்” என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கத்தவும் வழியில்லை. சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. வானொலியை நிறுத்திவிட்டு அழுதாள். அவள் மீது பிழையில்லை. அந்தக் குரல்காரன் நன்றாகத்தான் பேசினான். அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போலிருந்தது.

அடுத்த ஞாயிறு, ரவி தடுத்தும் கேளாமல் நேரலையில் உட்கார்ந்து கடைசிப் பகுதியைச் சொன்னேன். பழைய ஆள் ஒரு பாட்டு ஓடும் நேரத்தில் முடித்திருப்பான். எனக்கு நிகழ்ச்சி முழுவதும் தேவைப்பட்டது. இப்போதெல்லாம் என் நேரத்தை மணிக்கூடு தீர்மானிப்பதில்லை, மூச்சுத்தான் தீர்மானிக்கிறது. நான் மூச்சு வாங்கும் சத்தமும் ஒலிபரப்பானது.

முதல் அழைப்பு ஒரு வயதான அன்ரியிடமிருந்து வந்தது.

“தம்பி, ஆர் கதைக்கிறது? எங்கட ஆள் எப்ப வருவார்?”

“அவர் இனி… வரமாட்டார் அன்ரி. இனி… நான்தான்.”

மறுமுனையில் அவர் தன் வானொலியின் சத்தத்தைக் கூட்டுவது கேட்டது.

“அப்ப கொஞ்சம் பெலத்துக் கதையும், தம்பி.”